கண்கொண்டு காணும் வரலாறு: ஐரோப்பியக் குழுப்பயணம் வளர்ந்த வகை

வரலாற்றை நூல்வழிக் கற்பது ஒரு நெறி. அது நிகழ்ந்த இடத்திற்கே சென்று கற்பது பிறிதொரு நெறி. இவ்விரண்டாம் நெறி ஐரோப்பாவில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றப்பட்டு வந்துள்ளது. தொடக்கத்தில் அது செல்வக்குடியிற் பிறந்த இளைஞர் சிலரின் தனியுரிமையாக இருந்தது. பின்னர், பள்ளி ஆசிரியரும் அலுவலக எழுத்தரும் கைத்தொழிலாளரும் குழுவாகச் சேர்ந்து செல்லும் வாய்ப்பாக விரிந்தது. இன்று அப்பழம்பெரும் இடங்களே தாங்கவொண்ணாத மக்கள் வெள்ளமாகப் பெருகியுள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் விளைந்த நன்மை யாது, தீமை யாது என்பன வரலாறு கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்களாகும்.

பெருமக்களின் பெரும்பயணம்

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, ஆங்கிலேய உயர்குடி இளைஞரின் கல்வி பல்கலைக்கழகத்தோடு முற்றுப்பெறுவதில்லை. பிரான்ஸையும் இத்தாலியையும் நேரிற் கண்டு வந்த பின்னரே அவர் கற்றவராகக் கருதப்பட்டார். இச்செலவிற்குப் ‘பெரும்பயணம்’ என்பது பெயர். 1670ஆம் ஆண்டில் வெளிவந்த ரிச்சர்டு லாசல்ஸ் என்பாரின் இத்தாலியப் பயண நூலில்தான் இப்பெயர் முதன்முதலாக அச்சேறியது என்பர். லாசல்ஸ் கத்தோலிக்கக் குரு. இளைஞர்களைப் பலமுறை இத்தாலிக்கு அழைத்துச் சென்ற ஆசிரியருங்கூட.

பயணிகள் டோவர் துறைமுகத்தில் கப்பலேறிக் கலே துறையில் இறங்குவர். பாரிஸில் சில திங்கள் தங்கிப் பிரெஞ்சு மொழியும் நடனமும் வாட்பயிற்சியும் கற்பர். பின்னர்த் தெற்கு நோக்கிச் சென்று ஆல்ப்ஸ் மலையடிவாரத்தை அடைவர். அந்நாளில் மோன் செனி கணவாயில் வண்டிப்பாதை இல்லை. ஆதலின், வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றுவர். பயணியை நாற்காலியில் அமர்த்தி, மலைவாழ் மக்கள் தோளிற் சுமந்து கடப்பர். மலைக்கு அப்பால் தூரின், புளோரன்ஸ், உரோம், நேப்பிள்ஸ், வெனிஸ் என்று பயணம் நீளும். 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பொம்பெயியிலும் அகழ்வாய்வு தொடங்கிய பின்னர், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலுள் மறைந்த நகரங்களைக் காணும் ஆவலும் இதனோடு சேர்ந்துகொண்டது. முழுப்பயணத்திற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை ஆகும். செலவோ ஒரு சாதாரணக் குடும்பம் கனவிலும் எண்ணிப் பார்க்க முடியாத அளவினது.

இளைஞருக்குத் துணையாக ஓர் ஆசிரியரும் உடன் செல்வார். கட்டுக்கடங்காத செல்வ மகனை ஊர் ஊராக இழுத்துச் செல்லும் அவரை மக்கள் ‘கரடியாட்டி’ என்று கேலி பேசினர். கேலி ஒருபுறமிருக்க, அவ்வாசிரியர்களுள் பேரறிஞர்களும் இருந்தனர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஆடம் ஸ்மித், 1764இல் அப்பதவியைத் துறந்து, பக்ளூ கோமகன் என்னும் இளைஞரின் ஆசிரியராகப் பிரான்ஸுக்குச் சென்றார். ஆண்டுக்கு 300 பவுன் ஊதியமும், பின்னர் வாழ்நாள் முழுவதும் அதே அளவு ஓய்வூதியமும் அவருக்கு உறுதி செய்யப்பட்டன. தூலூஸ் நகரில் பொழுது போகாமல் இருந்த வேளையில் அவர் ஒரு நூலை எழுதத் தொடங்கினார். ஜெனிவாவில் வோல்தேரையும் பாரிஸில் கெனே, துர்கோ முதலிய பொருளியல் அறிஞர்களையும் கண்டு உரையாடினார். கோமகனின் தம்பி பாரிஸில் இறந்ததால் 1766இல் அப்பயணம் துயரத்தில் முடிந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1776இல், ‘நாடுகளின் செல்வம்’ என்னும் அவரது நூல் வெளிவந்தது.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. பெரும்பயணத்தால் வாழ்வு பெற்ற அதே ஆடம் ஸ்மித், அந்நூலிலேயே அவ்வழக்கத்தைக் கடிந்து எழுதியுள்ளார். பதினேழு பதினெட்டு அகவையில் அனுப்பப்படும் இளைஞர், ஓரிரு மொழிகளை அரைகுறையாகக் கற்றதைத் தவிரப் பெரும்பயன் எதுவும் பெறாமல், செருக்கும் ஒழுக்கக்கேடும் மிகுந்தவராகவே திரும்புகின்றனர் என்பது அவர் கருத்து. பல்கலைக்கழகங்கள் சீர்கெட்டுப் போனமையாலேயே இவ்வழக்கம் பரவியது என்றும் அவர் காரணம் கூறினார்.

அதே 1764ஆம் ஆண்டில் மற்றோர் ஆங்கிலேயர் உரோம் நகரை அடைந்தார். அவர் 27 அகவை நிரம்பிய எட்வர்டு கிப்பன். அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 15ஆம் நாள், காப்பிட்டோல் குன்றின் இடிபாடுகளிடையே அமர்ந்திருந்தபோதுதான், அந்நகரின் வீழ்ச்சியை எழுத வேண்டும் என்னும் எண்ணம் தமக்கு எழுந்ததாக அவர் தம் வரலாற்றில் குறித்துள்ளார். ‘உரோமப் பேரரசின் தளர்ச்சியும் வீழ்ச்சியும்’ என்னும் அவரது பெருநூலின் முதல் தொகுதியும் 1776இலேயே வெளிவந்தது. 1788இல் ஆறு தொகுதிகளும் நிறைவுற்றன.

கிப்பன் கண்ட இடிபாடுகளை அவருக்கு முன் ஆயிரக்கணக்கான இளைஞர் கண்டனர். ஒருவரும் அத்தகைய நூலை எழுதவில்லை. காரணம் வெளிப்படையானது. இத்தாலிக்குள் காலடி வைக்குமுன், லொசான் நகரில் பல திங்கள் தங்கி, பண்டை இத்தாலியின் நிலவியலையும் நகர அமைப்பையும் இலத்தீன் நூல்களின் துணைகொண்டு அவர் குறிப்பெடுத்துப் பயின்றார். உரோம் நகரம் அவருக்குப் புதிய ஊராகத் தோன்றவில்லை. நெடுநாள் படித்த நூலின் அடுத்த பக்கமாகவே தோன்றியது. ஆடம் ஸ்மித் கடிந்துரைத்த பயணமும் கிப்பன் பயன்கொண்ட பயணமும் ஒரே வழியில் சென்றவை. அவற்றைப் பிரித்து நிறுத்தியது முன்பயிற்சி ஒன்றே.

இருப்புப்பாதை திறந்த வாயில்

பிரெஞ்சுப் புரட்சியும் அதனைத் தொடர்ந்த நெப்போலியப் போர்களும் பெரும்பயணத்தைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்தின. 1815இல் அமைதி திரும்பியபோது ஐரோப்பா வேறொரு காலத்துள் நுழைந்திருந்தது. நீராவிக் கப்பல்கள் கால்வாயைக் கடக்கத் தொடங்கின. 1830இல் லிவர்பூல் – மான்செஸ்டர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மூன்று நாள் வழி மூன்று மணி நேர வழியாகச் சுருங்கும் காலம் நெருங்கியது.

இம்மாற்றத்தை எளிய மக்களுக்குப் பயன்படச் செய்தவருள் தலையாயவர் தாமஸ் குக். 1808இல் டார்பிஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழைக்குடியில் பிறந்த அவர், தச்சுவேலை செய்தவர். பாப்டிஸ்டு சமய ஊழியர். மதுவிலக்கு இயக்கத்தில் தீவிர ஈடுபாடு கொண்டவர். மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்கு நடந்து சென்றபோது, புதிதாக வந்த புகைவண்டியை இவ்வியக்கத்திற்குப் பயன்படுத்தினால் என்ன என்னும் எண்ணம் அவருள் தோன்றியது. 1841ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5ஆம் நாள், லெஸ்டர் நகரிலிருந்து லாஃப்பரோவுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரைத் தனிப் புகைவண்டியில் அழைத்துச் சென்றார். தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். மதுக்கடையைத் தவிர வேறு பொழுதுபோக்கு அறியாத தொழிலாளர்க்கு ஒரு நாள் நல்லின்பம் கிடைக்கச் செய்வதே அவர் நோக்கமாக இருந்தது.

1851இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்கு ஏறத்தாழ 150,000 பேரை அவர் அழைத்துச் சென்றார். 1855இல் பாரிஸில் கண்காட்சி நடந்தபோது, பிரஸ்ஸல்ஸ், கொலோன், ரைன் ஆற்றங்கரை, ஹைடல்பெர்க், ஸ்ட்ராஸ்பூர் வழியாகப் பாரிஸை அடையும் சுற்றுவழி ஒன்றை வகுத்தார். ஐரோப்பியப் பெருநிலத்தில் அவர் நடத்திய முதற் குழுப்பயணம் அது. அதில் அவருக்கு இழப்பே ஏற்பட்டது. ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை.

1863இல் சுவிட்சர்லாந்துக்கு அவர் நடத்திய பயணம் வரலாற்றில் நிலைத்துவிட்டது. அக்குழுவில் சென்ற ஜெமைமா மாரல் என்னும் யார்க்ஷயர் மங்கை நாள்தோறும் குறிப்பெழுதி வைத்தமையே அதற்குக் காரணம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்ததும், நீண்ட பாவாடையோடு பனியாற்றைக் கடந்ததும், கோவேறு கழுதையின்மீது கணவாய் ஏறியதும் அதில் நகைச்சுவையோடு பதிவாகியுள்ளன. மறைந்துபோன அக்குறிப்பு இரண்டாம் உலகப்போருக்குப்பின் கண்டெடுக்கப்பட்டு, சரியாக நூறாண்டு கழித்து 1963இல் நூலாக வெளிவந்தது. பெரும்பயணக் காலத்தில் ஆண்மக்களுக்கே பெரிதும் உரியதாக இருந்த வெளிநாட்டுப் பயணம், குழுவின் பாதுகாப்பில் மணமாகாத பெண்களுக்கும் இயல்வதாயிற்று என்பதற்கு இக்குறிப்பு சான்றாகும்.

அடுத்த ஆண்டில், ஒற்றுமைப்பட்டுப் புதுநாடாக எழுந்திருந்த இத்தாலிக்கு அவரது குழுக்கள் சென்றன. 1868இல் விடுதிக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்திப் பெறும் சீட்டுமுறையை அவர் ஏற்படுத்தினார். அயல்நாட்டு நாணயமும் அயல்மொழியும் அறியாதவரும் ஏமாற்றப்படுவோம் என்னும் அச்சமின்றிச் செல்ல அது வழி செய்தது. 1871இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. நாற்காலியில் சுமந்து கடந்த மலையைப் பயணி அமர்ந்தவாறே கடந்தார்.

ஏளனமும் மறுமொழியும்

எளியோர் பெருகியதைக் கண்டு உயர்குடியினர் முகஞ்சுளித்தனர். இத்தாலியில் துணைத்தூதராகப் பணியாற்றிய சார்லஸ் லீவர் என்னும் அயர்லாந்து நாவலாசிரியர், 1865இல் இதழொன்றில் குக்கின் பயணிகளைக் கடுமையாக எள்ளி எழுதினார். நாற்பது பேர் மந்தைபோல் தெருவை அடைத்துச் செல்வதாகவும், வழிநடத்துவோர் ஆட்டுக்கிடையை மடக்கும் நாய்போல் அவர்களைச் சுற்றிச் சுற்றி வருவதாகவும் கேலி செய்தார். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த குற்றவாளிகளையே ஆங்கில அரசு இவ்வாறு இத்தாலிக்கு அனுப்பிவைக்கிறது என்று இத்தாலியரிடம் வதந்தியும் பரப்பினார்.

குக் இதனை வாளாவிட்டுவிடவில்லை. அரிய இடங்களும் கலைச்செல்வங்களும் உயர்ந்தோர் கண்களுக்கு மட்டுமே உரியவை என்பது பழங்காலத்து எண்ணம் என்றும், கல்வியும் நாகரிகமும் பரவிய காலத்தில் அவ்வெண்ணத்திற்கு இடமில்லை என்றும் அவர் வாதிட்டார்.

இவ்வழக்கில் இருவர் பக்கமும் உண்மை உண்டு என்பதை நடுநிலையாளர் ஒப்புவர். அரிய இடங்களைக் காணும் உரிமை அனைவர்க்கும் உரியது என்னும் குக்கின் கொள்கையை மறுக்க இயலாது. ஆயினும், நாற்பது பேர் ஒருங்கே நிற்கும் இடத்தில் எவர் எதனைக் கற்கிறார் என்னும் வினா, லீவரின் ஏளனத்தை நீக்கிய பின்னும் எஞ்சியே நிற்கிறது. அவ்வினாவிற்கு விடை தந்தவர்கள் இலண்டன் மாநகரின் ஏழைப் பகுதியில் தோன்றினர்.

ஆசிரியர் குழு அமைத்த பயணம்

கிழக்கு இலண்டனைச் சேர்ந்த ஒயிட்சேப்பல், 19ஆம் நூற்றாண்டில் வறுமைக்குப் பெயர்போன இடம். அங்கு 1884இல் சாமுவேல் பார்னெட் என்னும் சமய குருவும் அவர்தம் துணைவியாரும் டாயின்பீ மன்றத்தை நிறுவினர். பல்கலைக்கழகம் கண்டோர் அங்கு வந்து தங்கி, எளிய மக்களோடு பழகி, மாலை வகுப்புகளில் கற்பித்தனர். அவ்வகுப்புகளிலிருந்து 1888இல் பயணக் கழகம் ஒன்று முகிழ்த்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் எழுத்தர்களும் அதில் பெரும்பங்கினர். அவ்வாண்டு அவர்கள் புளோரன்ஸ் நகருக்குச் சென்றனர்.

இப்பயணம் பிறவற்றினின்றும் வேறுபட்டது. செல்லுமுன்பே அந்நகரின் வரலாறு, கலை, இலக்கியம் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டும் நூல்களைப் பயின்றும் உறுப்பினர்கள் தங்களை ஆயத்தப்படுத்திக் கொண்டனர். கூட்டாகச் சென்றமையால் கட்டணம் குறைந்தது. கூடிக் கற்றமையால் பயன் பெருகியது. கிப்பன் தனியொருவராக லொசான் நகரில் செய்த முன்பயிற்சியை, சிறு ஊதியம் பெற்ற ஆசிரியர்கள் கூட்டாகச் செய்தனர் எனலாம்.

அக்கழகத்தோடு தொடர்புடைய தாமஸ் ஓக்கியின் வாழ்க்கை மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது. அவர் கூடை முடைவதைக் குலத்தொழிலாகக் கொண்டவர். பகலெல்லாம் கூடை முடைந்து, மாலை வகுப்பில் இத்தாலிய மொழியைக் கற்றார். தாம் கற்றதைப் பிறர்க்கும் கற்பித்தார். பயணக் குழுக்களை வழிநடத்தினார். வெனிஸ் நகர வரலாறு பற்றி நூலெழுதினார். 1919இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழிக்கென முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. கூடை முடைந்த கைகளுக்குப் பேராசிரியர் இருக்கை வாய்த்தமைக்கு மாலை வகுப்பும் குழுப்பயணமும் துணைநின்றன என்பது ஆசிரிய உலகம் பெருமைப்பட வேண்டிய செய்தியாகும்.

வழிகாட்டி நூலும் போரும்

குழுவாகச் செல்லாதவர்க்கு வழிகாட்டி நூல்களே துணையாயின. இலண்டனில் ஜான் மரே 1836 முதல் கைந்நூல்களை வெளியிட்டார். செருமனியில் கோப்லென்ஸ் நகரத்துப் பதிப்பாளர் கார்ல் பேடெக்கர் அத்துறையில் ஒப்பற்றவராக விளங்கினார். செந்நிற அட்டையிட்ட அவரது நூல்கள் வண்டிக் கட்டணம் முதல் விடுதித் தரம்வரை அனைத்தையும் தெரிவித்தன. சிறப்புமிக்க கட்டடங்கட்கு விண்மீன் குறியிடும் வழக்கத்தை அவரே பரப்பினார். மிலான் பேராலயத்தில் ஏறும்போது, இருபது படிக்கு ஒன்றாகப் பட்டாணிகளை ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு மாற்றிப் படிகளை அவர் எண்ணினார் என்றொரு செய்தியும் வழங்குகிறது. அத்துணைத் துல்லியம்!

அறிவு பரப்ப எழுந்த அந்நூலின் பெயர், 1942இல் அழிவின் பெயராயிற்று. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கிலேய விமானங்கள் லூபெக் என்னும் பழைமையான செருமானிய நகரைக் குண்டுவீசி எரித்தன. பழிவாங்கப் புறப்பட்ட செருமானிய விமானங்கள் எக்செட்டர், பாத், நார்விச், யார்க், காண்டர்பரி என்னும் தொன்மை நகரங்களைத் தாக்கின. பேடெக்கர் நூலில் மூன்று விண்மீன் பெற்ற கட்டடம் ஒவ்வொன்றையும் அழிப்போம் என்னும் பொருள்பட ஒரு செருமானிய அதிகாரி பேசியமையால், இவற்றிற்குப் ‘பேடெக்கர்த் தாக்குதல்கள்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. 1,600க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். 1943 டிசம்பரில் லைப்சிக் நகரின்மீது ஆங்கிலேயர் வீசிய குண்டுகளுக்குப் பேடெக்கர் நிறுவனத்தின் பதிப்பகமும் ஆவணங்களும் இரையாயின.

போரில் பெரிதும் சிதைந்த நகரம் வார்சா. 1944இல் எழுச்சியை ஒடுக்கிய நாஜிப் படையினர் அதன் பழைய நகரில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கிற்கு மேல் அழித்தனர். போலந்து மக்கள் அதனைக் கல்லடுக்கிக் கல்லடுக்கி மீண்டும் எழுப்பினர். 18ஆம் நூற்றாண்டில் பெர்னார்டோ பெலோத்தோ என்னும் வெனிஸ் ஓவியர் தீட்டிய வார்சா நகரக் காட்சிகளும் அப்பணிக்கு வழிகாட்டின. 1980இல் அப்பழைய நகரம் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று அங்குச் செல்லும் பயணக் குழுவினர் காண்பது பழங்கற்களை மட்டுமன்று. தம் வரலாற்றை இழக்க மறுத்த ஒரு மக்களின் உறுதியையும் ஆகும்.

காண்போரால் தேயும் காட்சிகள்

போருக்குப்பின் வான்வழிப் போக்குவரத்தும் ஊதியத்தோடு கூடிய விடுமுறையும் பயணிகளைப் பன்மடங்காக்கின. அப்போதுதான் எதிர்பாராத உண்மையொன்று புலப்பட்டது. பகைவர் அழிக்காத சின்னங்களை அன்பரும் அழித்துவிடக்கூடும் என்பதே அது.

பிரான்ஸிலுள்ள லாஸ்கோ குகையை 1940ஆம் ஆண்டு செப்டம்பரில் நான்கு சிறுவர்கள் கண்டறிந்தனர். ஏறத்தாழ 17,000 ஆண்டுகட்கு முற்பட்ட எருதுகளும் குதிரைகளும் மான்களும் அதன் சுவர்களில் வண்ணங்குன்றாமல் விளங்கின. 1948இல் குகை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் நுழைந்தனர். அவர்கள் எதையும் தொடவில்லை, கிறுக்கவில்லை, மூச்சுவிட்டனர், அவ்வளவே. அம்மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும், ஏற்றிய விளக்கொளியும் சேர்ந்து, சுவரிற் பசும்பாசி படரச் செய்தன. பதினேழாயிரம் ஆண்டு நிலைத்தது பதினைந்தே ஆண்டில் நலிந்தது. 1963இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மால்ரோ குகையை மூடச் செய்தார். 1983இல் குகையின் பகுதிகளைப் போன்றே செய்த படியுரு திறக்கப்பட்டது. 2016இல் மேலும் முழுமையான படியுரு எழுந்தது. மக்கள் இன்று அதனையே கண்டு திரும்புகின்றனர். மூலத்தைக் காக்கும் பொருட்டு மூலத்தைக் காணாதிருக்க மக்கள் ஒப்பிய செயல் அது.

மிலானில் லியொனார்தோ தீட்டிய ‘இறுதி இராவுணவு’ ஓவியத்திற்கும் இத்தகைய காப்பு தேவைப்பட்டது. 1943இல் அக்கூடத்தின்மீது குண்டு விழுந்தபோது, மணல்மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தமையால் ஓவியச் சுவர் மட்டும் தப்பியது. 1978 முதல் 1999 வரை நடந்த சீரமைப்பிற்குப்பின், முன்பதிவு செய்த சிறு குழுவினர் பதினைந்து நிமிடம் மட்டுமே உள்ளே நிற்கலாம் என்னும் முறை வகுக்கப்பட்டது. ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் குன்றில் 2023இலும், பொம்பெயியில் 2024இலும் நாளொன்றுக்கு 20,000 பேர் என வரம்பு விதிக்கப்பட்டது.

வெனிஸின் நிலை இவை எல்லாவற்றினும் இரங்கத்தக்கது. 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் கடல்நீர் 194 சென்டிமீட்டர் உயர்ந்து அந்நகரை மூழ்கடித்தது. அதே நாளில் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரைபுரண்டு, நூலகத்தையும் ஆலயங்களையும் சேற்றில் ஆழ்த்தியது. பல நாடுகளிலிருந்தும் வந்து குவிந்த இளைஞர்கள், வரிசையாக நின்று நூல்களைக் கைமாற்றிச் சேற்றிலிருந்து மீட்டனர். அவர்களை ‘சேற்றுத் தேவதைகள்’ என்று அந்நகர மக்கள் அன்போடு அழைத்தனர். மனிதகுலத்தின் செல்வத்தை மனிதகுலமே காக்க வேண்டும் என்னும் எண்ணம் அந்நாட்களில் வலுப்பெற்றது. 1972இல் யுனெஸ்கோவின் உலக மரபு ஒப்பந்தம் நிறைவேறியது.

ஆயினும், வெள்ளத்திற்குத் தப்பிய வெனிஸ் மக்கள் வெள்ளத்திற்குத் தப்பவில்லை. 1951இல் அதன் பழைய நகரில் ஏறத்தாழ 175,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே சரிந்தது. குடியிருப்புகள் விடுதிகளாக மாறின. காய்கறிக் கடையும் செருப்புத் தைக்கும் கடையும் முகமூடிப் பொம்மைக் கடைகளாயின. 2021இல் பெருங்கப்பல்கள் நகரின் உட்கால்வாயில் நுழைவது தடை செய்யப்பட்டது. 2024இல், ஒரு நாள் மட்டும் வந்து செல்வோர்க்குக் குறிப்பிட்ட 29 நாட்களில் ஐந்து யூரோ கட்டணம் விதிக்கப்பட்டது. பயணக் குழுவில் 25 பேருக்கு மேல் இருத்தலாகாது, வழிகாட்டிகள் ஒலிபெருக்கி பயன்படுத்தலாகாது என்னும் விதியும் அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தது. லீவர் ஏளனமாகச் சொன்ன நாற்பதின்மர் கூட்டத்திற்கு நூற்றைம்பது ஆண்டு கழித்துச் சட்டமே வரம்பு கட்டிற்று.

காலம் எவரையும் விட்டுவைப்பதில்லை. தாமஸ் குக்கின் பெயரைத் தாங்கிய பயண நிறுவனம் 178 ஆண்டுகளுக்குப்பின், 2019 செப்டம்பர் 23ஆம் நாள் நொடித்து மூடப்பட்டது. அயல்நாடுகளில் சிக்கிய ஏறத்தாழ 150,000 பிரிட்டானியரை அரசு ஏற்பாடு செய்து தாயகம் திரும்பச் செய்தது. குக் வழி திறந்த பயணமோ அவர் நிறுவனத்திற்குப் பின்னும் பெருகியே செல்கிறது.

மலாக்காவும் வெனிஸும்

வெனிஸின் கதை தொலைநாட்டுக் கதை என்று மலேசிய, சிங்கை மாணவர் எண்ணிவிட வேண்டியதில்லை. கிராம்பும் சாதிக்காயும் மலாக்காத் துறையில் குவிந்து, இந்தியத் துறைகளையும் அரபு நாடுகளையும் கடந்து, வெனிஸ் வணிகர் கைக்குச் சென்ற காலம் ஒன்றிருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணிவகைகளைக் கொண்டுவந்த தமிழ் வணிகரும் மலாக்காவில் செல்வாக்கோடு வாழ்ந்தனர். 1511இல் போர்த்துக்கீசியர் அந்நகரைக் கைப்பற்றிய பின், அங்கு 1512 முதல் 1515 வரை தங்கிய தோமே பிரேஸ் என்னும் போர்த்துக்கீசியர், மலாக்காவை ஆள்பவரே வெனிஸின் வாழ்வையும் தாழ்வையும் முடிவு செய்வர் என்னும் கருத்தைத் தம் நூலில் வெளியிட்டார். இங்குக் கொண்ட பொருளால் அங்கு எழுந்தவையே அந்நகரத்து மாளிகைகள் பல எனின் மிகையாகாது.

அந்த மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. வெனிஸ் எதிர்கொண்ட வினாக்களை இவ்விரு நகரங்களும் எதிர்கொள்ளும் காலம் வந்துவிட்டது. ஆதலின், ஐரோப்பிய வரலாறு தரும் படிப்பினை இங்கும் பயன்படும்.

அப்படிப்பினை எளியது. மாணவர் குழுவை வரலாற்றிடங்களுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், புறப்படும் நாளுக்கு முன்பே பாடத்தைத் தொடங்க வேண்டும். காணவிருக்கும் இடத்தின் வரலாற்றை மாணவர் முன்னரே பயின்றிருத்தல் வேண்டும். பத்து ஊர்களை ஓடிக் காண்பதினும் இரண்டு ஊர்களில் நின்று காண்பது மேல். குழு சிறிதாயின் வினாக்கள் எழும். வினாக்கள் எழுந்தால் அறிவு பிறக்கும். அவ்வூரில் வாழ்வோர் காட்சிப் பொருள்கள் அல்லர் என்பதையும், அவ்வூர் அவர்தம் வீடு என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடமை. திரும்பிய பின் ஒவ்வொருவரும் கண்டதை எழுதச் செய்தல் வேண்டும். ஜெமைமா மாரல் எழுதி வைத்த சிறு குறிப்பன்றோ ஒரு பயணத்தை நூறாண்டு கடந்தும் வாழ வைத்தது!

கிப்பனுக்குச் செல்வம் இருந்தது. தாமஸ் ஓக்கிக்குக் கூடை முடையும் கைகளும் ஒரு மாலை வகுப்புமே இருந்தன. இருவரும் இத்தாலியைக் கண்டு பயன் பெற்றனர். இருவரும் புறப்படுமுன் கற்றவர்கள். பயணச் சீட்டைப் பெறப் பொருள் வேண்டும். காட்சியைப் பெறக் கல்வி வேண்டும். பொருளைப் பெற்றோர் தருவர்; கல்வியைத் தருதல் ஆசிரியர் கையில் உள்ளது.